மாகறலுக்கு ஏழு மண்டகப்படி

என் மாப்பிள்ளை ராமராஜனுக்கு ஆஸ்துமா. நெஞ்சில் விசில் அடிக்கும். ஏதோ மெல்லிசாக அடிக்கிற விசில் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு எதிர்வீட்டில் இருக்கிற அம்மா, மூன்று விசில் எண்ணித்தான் குக்கரை இறக்குவார். ஆனாலும் பருப்பு வேகவில்லை. இரண்டு மாதம் இதே கதை. குக்கரை மாற்றினார்கள், பருப்பை மாற்றினார்கள், கடைசியில் மளிகைக் கடையையே மாற்றினார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. குக்கர் அடித்தது ஒரு விசில். மீதி இரண்டும் மாப்பிள்ளை.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. டேனியல் என்று கேட்டால் ஊரில் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய்க்கு வால்வு திறந்து மூடியவன். நான் முக்கால் சுற்று திருப்பினால் சின்ன காஞ்சிபுரத்தில் குழாயடியில் வைத்த குடம் ஒன்றரை அடி எழும்பி, நிறைந்து, தானாகக் கீழே இறங்கும்.

அந்த விசில் நின்று மூன்று வருஷம் ஆகிறது. தினமும் காலையும் மாலையும் இழுக்கிற மருந்து ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். நெஞ்சு அடங்கிவிட்டது. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அந்த மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், சென்னையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படியில் மாப்பிள்ளைக்கு இழுப்பு வந்தது. சட்டைப் பையிலிருந்து மூச்சிழுக்கிற பம்பை எடுத்து அழுத்தினார். காலி. யாரோ ஓடிப்போய் மருந்துக்கடையிலிருந்து வேறு பம்பு வாங்கி வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் அவர் என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் எஸ்தரிடம்கூட. நெஞ்சு குணமாகிவிட்டது. அந்த இருபது நிமிஷம் குணமாகவில்லை.

அவர் தொழில் பட்டுத் தறிக்கு ஜக்கார்டு அட்டை அடிப்பது. புடவையில் மயில் வர வேண்டுமென்றால் அட்டையில் எங்கே ஓட்டை இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று எண்ணி எண்ணிக் குத்த வேண்டும். எண்ணிப் பழகிய மனுஷருக்குப் பயம் வந்தால் என்ன ஆகும்? பம்பின் முதுகில் இன்னும் எத்தனை அழுத்து பாக்கி என்று ஒரு எண் ஓடும். அதைப் பார்ப்பார். நூற்று எண்பத்தேழு. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பார். அதே நூற்று எண்பத்தேழு. அந்த எண் பொய்யாக இருந்தால் என்று இன்னொரு பம்பு வாங்குவார். இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால்? மூன்றாவது. வீட்டில் மொத்தம் பதினோரு பம்பு. சட்டையில் ஒன்று, கால்சட்டையில் ஒன்று, அரிசி டப்பாவின் மேல் ஒன்று. ஒரு திருடன் வந்து பார்த்துவிட்டு, பாவம் என்று தன்னிடமிருந்த டார்ச் லைட்டை வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் வழி கேட்டால் கோயிலை வைத்துச் சொல்வார்கள். மாப்பிள்ளை மருந்துக்கடையை வைத்துச் சொல்வார். மருந்துக்கடை இல்லாத தெருவில் கால் வைக்க மாட்டார். எந்தக் கோயிலுக்கு எதிரே மருந்துக்கடை இருக்கிறதோ அந்தச் சாமிக்குத்தான் சக்தி அதிகம் என்று அவருக்கு ஒரு கொள்கை. இப்படியே ஊர் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அவருக்கென்று ஒன்றேகால் கிலோமீட்டர் ஊர்தான் மிச்சம் இருந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தூக்கம் போயிற்று. பேச்சு குறைந்தது. என் மகள் கிச்சனில் வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பழகினாள்.

இந்த நிலையில்தான், நான் மாப்பிள்ளை வீட்டில் இருந்தபோது, நதியா எனக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையின் ஒரே தங்கை. மாகறலில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய பெண் குழந்தைக்கு ஏலவார்குழலி என்று பெயர். பெயருக்கேற்ற கூந்தல். குழந்தைக்கு மாகறல் கோயிலில் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்த வேண்டுமென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமனோ ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க. எங்கண்ணன் கேக்கட்டும்" என்றாள் நதியா.

போட்டேன்.

"ணா, மூணு தபா நாள் குறிச்சாச்சு. மொத தபா மழைன்ன. ரெண்டாவது தபா உடம்பு சரியில்லன்ன. போன தபா அமாவாசைன்ன. காலண்டரை எடுத்துப் பாத்தா பௌர்ணமி! பாப்பாவுக்கு மூணு வயசு ஆவப்போவுது. வர்ற ஞாயித்துக்கிழமை பத்தரைக்குள்ள முகூர்த்தம். நீ வரலைன்னா நம்ம பெரியப்பா மவன் மணிவண்ணன் மடியில உக்கார வெச்சிருவாங்க. எங்க மாமியார் சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை போன் பக்கம் குனிந்தார். "மணிவண்ணனா?"

"ஆமா. அவன் மடியில உக்காந்தா அவன்தான் மாமன். நாளைக்கு அவ பெரிய மனுஷி ஆனாலும் ஓலைக் குச்சு கட்ட அவன்தான். கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க அவன்தான். நீ பத்திரிகையில ஒரு பேரு. அவ்ளோதான். வெச்சிடறேன்."

வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகுதான் வைத்தாள்.

மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை. இரண்டு கையாலும் தலையணையின் தலைப்பக்கத்தை அசையாமல் பிடித்திருந்தார். காது குத்தும்போது மாமன் குழந்தையின் தலையை அப்படித்தான் பிடிக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் தலையணையை உதறி, பஞ்சு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி பார்த்தார். நானும் பஞ்சைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை எஸ்தர் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நான் துணை. சந்தியா என்று ஒரு டாக்டரம்மா. மூச்சை அளக்கிற, முள் வைத்த குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார். மாப்பிள்ளை ஊதினார். முள் ஏறிய வேகத்தில் டாக்டரம்மா மேஜையில் இருந்த காகிதங்கள் பக்கத்து வார்டுக்குப் போய்விட்டன.

"நல்லா ஊதறீங்களே! நுரையீரல் பிரமாதமா இருக்குது. ஆஸ்துமா இருக்குது, ஆனா அடங்கி இருக்குது" என்றார் டாக்டரம்மா. "அப்போ தினமும் மூச்சு முட்டுதுன்றீங்களே, அப்போ விசில் சத்தம் கேக்குதா? இருமல்?"

"இல்ல மேடம். நெஞ்சு படபடன்னு அடிக்கும். கை மரத்துப் போவும். செத்துடுவோம்னு தோணும்."

"அது பயம். ஆஸ்துமா இருக்கிறவங்க நிறைய பேருக்கு வருது. சிலருக்குப் பயம், சிலருக்கு மனசு சோர்ந்துபோறது. மூச்சு நின்னுடுமோன்னு ஒரு தடவை பாத்தவங்களுக்குப் பயம் வர்றது தப்பு இல்லையே. ரெண்டும் வேற வேறன்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும். விசில் கேட்டா பம்பு. கேக்கலைன்னா மெதுவா, நீளமா மூச்சை வெளிய விட்டு எண்ணுங்க. செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வருவாரு. டோக்கன் போட்டுடட்டுமா?"

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "நான் மூச்சுக்கு வந்தேன் மேடம். நீங்க மெண்டல்னு எழுதறீங்க."

"நான் எதுவும் எழுதலையே."

"எழுதாதீங்க."

வெளியே வந்ததும் எஸ்தர் என்னைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லுப்பா."

நான் மாப்பிள்ளை பக்கம்தான் பேசினேன். நம் வம்சத்தில் இதயம் உண்டு, ஈரல் உண்டு, மனசு என்ற உறுப்பு மட்டும் யாருக்கும் இருந்ததில்லை, அதற்கு எதற்கு டாக்டர் என்றேன். எஸ்தர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. மாகறல் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். ஞாயிறு காலையில் வழியில் ஒரு மருந்துக்கடையும் திறந்திருக்காது என்று மாப்பிள்ளை போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார். கையில் மூன்று பம்பு எடுத்துப் போனால் போதாதா என்று கேட்டேன். "மூணும் ஒரே நேரத்துல அடைச்சுக்கினா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனால் வரதராஜப் பெருமாள் புறப்பாடு வந்தால் எந்தத் தெருவில் எத்தனை நிமிஷம் நிற்பார் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நேரம் பார்த்துத்தானே வால்வு திறக்க வேண்டும். பெருமாள் எவ்வளவு தூரமானாலும் போவார். எப்படிப் போகிறார்? ஒரே மூச்சில் போவதில்லை. வழியெல்லாம் மண்டகப்படி. நிற்பார், படைத்ததை ஏற்றுக்கொள்வார், இளைப்பாறுவார், கிளம்புவார். பெருமாளுக்கே அப்படி என்றால் மாப்பிள்ளைக்கு என்ன குறைச்சல்?

"மாப்ள, ரெண்டேகால் கிலோமீட்டருக்கு ஒரு ஆளு. ஆளுக்கு ஒரு பம்பு. மொத்தம் ஏழு பேரு. நீங்க எங்க இருந்தாலும் முன்னால ஒரு பம்பு, பின்னால ஒரு பம்பு. இன்னா சொல்றீங்க?"

அவர் வெகுநேரம் கணக்குப் போட்டார். காகிதத்தில் கட்டம் போட்டு, புள்ளி வைத்து, அட்டை அடிக்கிற மாதிரியே பார்த்தார். பிறகு, "யாருக்கும் விஷயம் தெரியக் கூடாது மாமா" என்றார்.

"சத்தியமா தெரியாது."

முதல் மண்டகப்படிக்கு என் சின்ன மகள் ஏஞ்சல், ஸ்கூட்டரோடு. மற்ற ஆறுக்கும் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற வால்வுக்காரர்கள். திறக்கவும் மூடவும் ஒன்றுமில்லாமல் வீட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆளுக்கொரு பம்பைக் கொடுத்து, யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தப்பு அங்கேதான் நடந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆதிகேசவன் ஆட்டோவில் கிளம்பினோம். மாப்பிள்ளை, எஸ்தர், நான், மடியில் சீர்த்தட்டு. ஓரிக்கையில் ஏஞ்சல் நின்றாள். மாப்பிள்ளை இறங்கி, பம்பை வாங்கி, முதுகில் எண்ணைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "சரியா இருக்குதா மாமா?" என்றாள். "சரியா இருக்குது" என்றார். இரண்டாவது, பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அதுவும் சரி. மூன்றாவது மண்டகப்படியில் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். எஸ்தர் என் கையைக் கிள்ளினாள். மூன்று வருஷத்தில் அவர் ஊருக்கு வெளியே குடித்த முதல் டீ.

நாலாவது மண்டகப்படி முருகேசன் பொறுப்பு. முருகேசன் சுத்தக்காரன். பம்பில் புழுதி படக் கூடாது என்று பித்தளைத் தட்டில் வைத்திருக்கிறான். வெறும் தட்டு நன்றாக இல்லையே என்று வெற்றிலை போட்டு, அதன் மேல் பம்பு. திறந்திருக்கிறதே என்று பட்டுத் துண்டு போட்டு மூடியிருக்கிறான். விடிகாலை ஆறு மணியிலிருந்து ரோட்டோரம் கிழக்கே பார்க்காமல் காஞ்சிபுரம் பக்கமே பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை ஏந்தி, வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷன் அப்படி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வயலுக்குப் போன ஒருவர் கேட்டிருக்கிறார். "யாரு வராங்க?"

சத்தியம் செய்த முருகேசன், "வருவாரு. நின்னுட்டுப் போவாரு" என்றிருக்கிறான்.

"பெருமாளா, சிவனா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான். நாங்கள் வந்து சேர்வதற்குள் ரோட்டில் கோலம். மாவிலைத் தோரணம். இரண்டு வாழைமரம், குலையோடு. அந்தக் குலை நாங்கள் வருவதற்குள் பழுத்தும் விட்டது. நூறு பேர் கூடிவிட்டார்கள். பம்பை மேளம், உடுக்கை. ஆட்டோ நின்றதும் ஒரு பெருங்கூட்டம் "வந்துட்டாரு" என்றது. மாப்பிள்ளை கீழே காலை வைத்தார். ஆரத்தி வந்தது. கற்பூரம் தாம்பாளத்தில் கட்டிகட்டியாக எரிந்தது. ஒரு டீக்கடைக்காரர் சாம்பிராணிச் சட்டியில் அள்ளி அள்ளிப் போட்டு, விசிறியால் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே வீசினார். பக்தி அதிகமானவர். பத்தடி தூரத்தில் நின்ற என் கையே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புகைக்குள்ளிருந்து விசில் கேட்டது.

மூன்று வருஷம் கழித்து, அதே விசில். பம்பைக்காரர் அதற்குத் தாளம் மாற்றினார்.

"அப்பா, இழுக்குதுப்பா!" என்று எஸ்தர் கத்தினாள். ஆதிகேசவன் ஆட்டோவைத் திருப்புகிறேன் என்று வாழைமரத்தில் விட்டான். முருகேசன் தட்டை நீட்டினான். அவசரத்தில் பம்புக்குப் பதில் வெற்றிலையை எடுத்து மாப்பிள்ளையின் வாயில் வைத்தான். ஆளாளுக்கு வைத்தியம். "தண்ணி தெளிங்கபா!" "படுக்க வைங்க!" "காலைத் தேய்ங்க!" "சாமி வந்திருக்குது, யாரும் தொடாதீங்க!"

எங்களில் பதறாத ஆள் ஒரே ஆள். மாப்பிள்ளை கையைத் தூக்கினார், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. கூட்டம் நின்றது. புகையைக் காட்டி, அணைக்கச் சொல்லிச் சைகை. காற்று வருகிற பக்கமாக நடந்துபோய் டீக்கடை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஸ்தர் பையிலிருந்து பிளாஸ்டிக் குடுவையை எடுத்துக் கொடுத்தாள். பம்பை அதில் செருகினார். ஒரு அழுத்து. நிதானமாக மூச்சு. காத்திருந்தார். இன்னொரு அழுத்து. மறுபடி மூச்சு. எண்ணிக்கொண்டே செய்தார், மயில் கழுத்துக்கு ஓட்டை குத்துகிற அதே நிதானம். ஆறாவது அழுத்துக்குப் பிறகு விசில் தேய்ந்தது. கால் மணி நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

நூறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா" என்றார்.

"சொல்லுங்க மாப்ள."

"இதான் ஆஸ்துமா."

"தெரியுதே மாப்ள. தெரியாமலா நான் பாதி செத்தேன்?"

"இல்ல மாமா. மூணு வருஷமா எனக்கு வந்துக்கினு இருந்தது இது இல்ல. இது வந்தா இன்னா பண்ணணும்னு என் கைக்குத் தெரியுது. அது வந்தா எனக்கு ஒண்ணும் தெரியல." "மணி இன்னா?"

எஸ்தர் போனைப் பார்த்தாள். "பத்தாவப் போவுதுங்க. உங்களுக்கு முடியலைன்னா திரும்பிப் போயிடலாம். நதியா கிட்ட நான் பேசிக்கறேன்."

"மாகறலுக்கு உடு ஆதி" என்றார் மாப்பிள்ளை.

மீதி மூன்று மண்டகப்படியில் ஆட்டோ நிற்கவில்லை. அதுவும் சும்மா போகவில்லை. ஐந்தாவது ஆள், "யோவ், நான் ஆறு மணிலருந்து நிக்கறேன், தாண்டிப் போறியே!" என்று மொபெட்டில் துரத்தினான். ஆறாவது ஆள் அவன் பின்னால் ஏறினான். ஏழாவது ஆள் ஓடியே வந்தான். அவனுக்கு எழுபது வயது, ஆட்டோவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். முருகேசனும் நாலாவது மண்டகப்படியின் மேளக்காரர்களும் ஒரு டிராக்டரில் வந்தார்கள். மாகறல் கோயில் வாசலில் நாங்கள் இறங்கினோம். அவ்வளவு பெரிய தாய்மாமன் சீர் அந்த ஊருக்கு வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

உள்ளே மண்டபத்தில் மணி பத்து இருபது.

மணிவண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தான். மனை வியாபாரி, பட்டு வேட்டி, கையில் தங்க வாட்ச். அவன் மடியில் ஏலவார்குழலி, ஊரே கேட்க அழுதுகொண்டிருந்தாள். இடது காதில் தங்கக் கம்பி ஏறிவிட்டது. வலது காது தெரியவில்லை. ஏனென்றால் அதை நதியா தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடும்மா நதியா. நேரம் போவுது" என்றாள் அவள் மாமியார்.

"ஒரு காது உங்களுக்காக உட்டேன் அத்தை. இது எங்கண்ணனுக்கு."

"பொண்ணை ஒத்தைக் காதோட விடப் போறியா?"

"விடுவேன்."

நதியாவின் புருஷன் கமல், எந்தப் பக்கம் பேசினாலும் சோறு கிடைக்காது என்று தெரிந்து, தூணில் செதுக்கியிருந்த யாளியை ரசித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் நாங்கள் நுழைந்தோம். நதியா அண்ணனைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. "மழை வரலியா இன்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மணிவண்ணன் விட்டால் போதும் என்று எழுந்தான். அவன் பட்டு வேட்டி மடியில் நனைந்திருந்தது. "வா ராமா, வா. உன் மருமவ எனக்கு அபிஷேகம் பண்ணிட்டா" என்றான்.

மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். இரண்டு கையாலும் அதன் தலையைப் பிடித்தார். ஆசாரி குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து அது வந்தது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நெற்றியில் வேர்வை. உதடு வெளுத்தது. சட்டைப் பையில் பம்பு இருக்கிறது. ஆனால் கை இரண்டும் குழந்தையின் தலையில். ஒரு கையை எடுத்தால் தலை அசையும். ஊசி எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆசாரி நிமிர்ந்தார். "மாமன் நடுங்கறாரே. வேற யாராச்சும் பிடிங்க." மாமியார் மணிவண்ணனைத் தேடினாள். அவன் வேட்டி மாற்றப் போயிருந்தான்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மாமா, கிட்ட வாங்க. முதுவுல காதை வைங்க."

அறுபது சொந்தக்காரர்கள் முன்னால் நான் மண்டியிட்டு மாப்பிள்ளையின் முதுகில் காதை வைத்தேன்.

"விசில் கேக்குதா?"

"மேளம்தான் கேக்குது மாப்ள."

"மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க."

கமல் யாளியை விட்டுவிட்டு ஓடிப்போய் மேளத்தை நிறுத்தினான். பேச்சு நின்றது. கோயில் புறாக்கள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. என்ன நடக்கிறது என்று புரியாமல் குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. அவர் இதயம் வாழைத்தண்டை உலக்கையால் இடிக்கிற மாதிரி அடித்தது. ஆனால் மூச்சு சுத்தமாகப் போய் வந்தது, குழாயில் காற்று போகிற மாதிரி. குழாயில் எது போகிறது, எது அடைத்திருக்கிறது என்று முப்பத்திரண்டு வருஷம் காது வைத்துக் கேட்டவன் நான்.

"விசில் இல்ல மாப்ள."

"நல்லா கேளுங்க."

"கேட்டுட்டேன். சத்தியமா இல்ல."

"அப்ப இது அதான்" என்றார். கண்ணை மூடினார். மூச்சை மெதுவாக வெளியே விட்டு எண்ண ஆரம்பித்தார். வாய்விட்டுத்தான் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நதியாவும் கூடவே எண்ணினாள். எஸ்தரும். பின்னால் என் வால்வுக்காரர்கள். ஏன் எண்ணுகிறோம் என்று தெரியாமல் அறுபது பேரும் எண்ணினார்கள். நாற்பது வந்தபோது கை நடுக்கம் குறைந்தது. அறுபதில் உதட்டுக்கு நிறம் வந்தது. படபடப்பு முழுசாகப் போகவில்லை, வேர்வை இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குழந்தையின் தலை அசையாமல் இருந்தது.

"குத்துங்க ஆசாரி" என்றார்.

நதியா உள்ளங்கையை எடுத்தாள். பத்து இருபத்தெட்டுக்கு வலது காதில் கம்பி ஏறியது. ஏலவார்குழலி போட்ட சத்தத்தில் கோயில் மணி தானாக இரண்டு முறை அடித்தது.

சாப்பாட்டுப் பந்தியில்தான் நதியாவின் மாமியார் ஆரம்பித்தாள். "ஏம்பா ராமராஜா, மூணு வருஷமா இன்னாதான் உனக்கு? ஆஸ்துமா எங்க ஊட்டுல கூட ரெண்டு பேருக்கு இருக்குது. அவங்கல்லாம் ஊருக்கு வராமலா இருக்காங்க?"

எஸ்தர் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை இலையைப் பார்த்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆஸ்துமா அடங்கியாச்சு அத்தை. எனக்கு இருக்கிறது பயம். மனசுல. தனியா மருந்து இருக்குதாம், பேசியும் சரி பண்ணுவாங்களாம். ஆஸ்பத்திரிக்கு செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வராரு. போவப் போறேன்."

நதியா அண்ணன் இலையில் இன்னொரு வடையை வைத்தாள், வேண்டாம் என்றவருக்கு மேலும் ஒன்றை வைத்தாள். என் மகள் எழுந்து கை கழுவப் போனாள், சாப்பிட ஆரம்பிக்காமலே.

நான் வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மணிவண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். புது வேட்டி. தங்க வாட்சைத் திருகிக்கொண்டே, "மாமா, அந்த டாக்டர் எத்தினி மணிக்கு வருவாரு?" என்றான்.

"யாருக்கு?"

"சும்மாதான். ஒரு சிநேகிதனுக்கு. ராத்திரியில தூங்க மாட்டேன்றான்."

அவன் போனதும் கமல் வந்தான். அவனுக்கும் ஒரு சிநேகிதன் இருந்தான். பிறகு முருகேசன், அவன் சிநேகிதனுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருகிறதாம். கடைசியாக மாமியாரே தூணுக்குப் பின்னாலிருந்து, "டோக்கன் ஊட்டுலருந்தே போட்டுக்கலாமா, நேர்ல வரணுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சிநேகிதி.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை தயாராக நின்றார். பயம் வந்தது, இரண்டு தெரு தாண்டி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி உட்கார்ந்து எண்ணினார், மறுபடி ஏறினார். ஆனால் அவர் உட்காரத்தான் சிரமமாக இருந்தது. ஆதிகேசவன் ஆட்டோவில் ஏற்கெனவே நாலு சிநேகிதர்கள் இருந்தார்கள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். மாப்பிள்ளை அரை மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அந்த மாடிப்படியைப் பற்றிச் சொல்லிவிட்டேன் மாமா என்றார். சந்தோஷம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு டோக்கன் மீதி இருந்தது. நர்ஸ் வெளியே வந்து டேனியல், டேனியல் என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

ஊரில் டேனியல்கள் எத்தனையோ பேர். நான் துணைக்குத்தான் போனேன் என்று எஸ்தரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.